ஆபாவின் பிள்ளை

ஜமுனாமரத்தூருக்கு நாங்கள் குடிவந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அங்கன்வாடியில் பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து, டீச்சர் பாடிக்கொண்டே வண்ணப் பந்துகளைக் கைமாற்றும் விளையாட்டை நடத்திக்கொண்டிருந்தார். மஞ்சள் பந்து என் மகனின் கைக்கு வந்தது. பாட்டு நின்றதும் அதைப் பக்கத்துப் பிள்ளையிடம் கொடுத்துவிட வேண்டும். அவன் கொடுக்கவில்லை. டீச்சர் மெல்ல வாங்கி அடுத்த பிள்ளையிடம் கொடுத்தார். அவ்வளவுதான் நடந்தது. மகன் தரையில் விழுந்து புரண்டான். கால்களை உதைத்தான். தூக்கப் போன என் முகத்தில் அறைந்தான். வாசலில் நின்ற நான்கைந்து தாய்மார்களும் என்னைப் பார்த்தார்கள். அவர்களில் ஒருத்தி நம் சகோதரி. பக்கத்தில் இருந்தவளிடம் அவள் சொன்னது என் காதில் விழுந்தது: "இவங்கதான் குர்ஆன் ஓதிக்கொடுக்கிற ஆபா."

அதில் ஏளனம் ஏதும் இல்லை. என்னை அறிமுகப்படுத்தினாள், அவ்வளவே. ஆனால் அந்த நேரத்தில் அது எனக்குச் சாட்டையடியாக விழுந்தது.

வாணியம்பாடியில் பெண்கள் மதரஸா ஒன்றில் பதினெட்டு ஆண்டுகள் கற்பித்தவள் நான். இஸ்லாமியக் கல்வியில் பட்டயம் பெற்றிருக்கிறேன். குழந்தை வளர்ப்பு பற்றித் தாய்மார்களுக்குப் பயான் செய்திருக்கிறேன். மூத்த மகள் கல்லூரியில் படிக்கிறாள். சிறு வயதில் அவளை எங்கே உட்காரவைத்தாலும் அங்கேயே இருப்பாள். அந்த அமைதி என் தர்பியத்தின் பலன் என்றே இத்தனை காலமும் நம்பியிருந்தேன். எனக்கு நாற்பத்தொரு வயதானபோது அல்லாஹ் இந்த மகனைத் தந்தான். என் நம்பிக்கையில் பாதி வெறும் பெருமை என்பதைக் காட்டவே தந்தானோ என்று சில நாட்களில் தோன்றும். கணவருக்கு ஜவ்வாது மலைக்கு மாற்றல் ஆனதும் மூவரும் மேலே வந்துவிட்டோம். மாலையில் வீட்டில் ஏழெட்டுப் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கிறேன். மகனுக்கு இரண்டே முக்கால் வயது. காலையில் அங்கன்வாடிக்குப் போகிறான்.

முதல் மாதத்தில் நான் செய்தவற்றைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. பிஸ்கட்டைக் காட்டி அமைதிப்படுத்தினேன். "போலீஸ் வருது" என்று பொய் சொன்னேன். பொய் பெரும்பாவம் என்று பிறர் பிள்ளைகளுக்குக் கற்பித்த அதே நாவால்தான் சொன்னேன். ஒருநாள் புர்காவின் மறைவில், யாரும் பார்க்காதபடி, தொடையில் கிள்ளினேன். அவன் அழுகை இரட்டிப்பானது. கண்ணேறு என்று எண்ணி ஓதி ஊதினேன். ஓதுவது நல்லதுதான், அதை விட்டுவிடச் சொல்லவில்லை. ஆனால் பசியோடு இருக்கும் பிள்ளைக்கு ஓதிப் பார்ப்பதற்கு முன் ஒரு வாழைப்பழத்தையாவது கொடுத்திருக்கலாம். உறவினர் ஒருவர் தொலைபேசியில், "ஷைத்தான் பிடிவாதம், அடித்தால் போய்விடும்" என்றார். பருவம் அடையும் வரை குழந்தையின் மீதிருந்து எழுதுகோல் உயர்த்தப்பட்டிருக்கிறது என்று ஹதீஸில் படித்திருக்கிறோம். வானவர்களே குற்றமாகப் பதியாத ஒன்றை நாம் ஏன் குற்றப்பத்திரிகையாக எழுதிவைக்கிறோம் என்று அவரிடம் கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. அப்போது நானும் அதையேதான் செய்துகொண்டிருந்தேன்.

பந்து விளையாட்டு நடந்த அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எட்டு ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு ஞாயிற்றுக்கிழமை நினைவுக்கு வந்தது. மதரஸாவில் தாய்மார்களும் சிறு பிள்ளைகளும் சேர்ந்து அமரும் வகுப்பு அது. தோல் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவரின் மனைவி ஒருத்தி மூன்று வயது மகனோடு வருவாள். அன்று அவன் வரிசைகளுக்கு நடுவே ஓடினான், அலறினான், குர்ஆன் வைக்கும் ரைஹால் ஒன்றைத் தட்டிவிட்டான். நல்லவேளையாக அதில் குர்ஆன் இல்லை. நான் குரலை உயர்த்தவில்லை. மிக நாகரிகமாகச் சொன்னேன்: "இவன் அடங்குகிற வயது வந்ததும் அழைத்து வாருங்கள்." அவள் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். அதன்பின் வரவேயில்லை. வகுப்பின் ஒழுங்கைக் காத்துவிட்டதாக அன்று நான் நிம்மதி அடைந்தேன்.

ஸஹீஹுல் புகாரியில் ஒரு செய்தி உண்டு. அந்த வகுப்பிலேயே அதைப் பலமுறை விளக்கியிருக்கிறேன். நபி (ஸல்) அவர்கள் நீண்ட நேரம் தொழ வேண்டும் என்ற எண்ணத்தோடு தொழுகையைத் தொடங்குவார்கள். பின்னால் ஒரு குழந்தையின் அழுகுரல் கேட்கும். தாய்க்குச் சிரமம் தரக்கூடாது என்று தொழுகையைச் சுருக்கிக்கொள்வார்கள். அபூ கதாதா (ரலி) அவர்களும் அனஸ் (ரலி) அவர்களும் இதை அறிவித்திருக்கிறார்கள். நபியவர்களின் இரக்கத்துக்குச் சான்றாகவே இதை நான் எடுத்துச் சொல்லி வந்தேன். இரக்கம் என்று சொல்லி முடித்துவிட்டால் அதன்படி நாம் எதுவும் செய்ய வேண்டியதில்லை. அன்றிரவுதான் அங்கே என்ன நடந்தது என்று யோசித்தேன். அழுத குழந்தையை வெளியே கொண்டுபோகச் சொல்லவில்லை. அடங்குகிற வயதில் அழைத்துவரச் சொல்லவும் இல்லை. தாய் ஜமாஅத்தில் நின்றாள், குழந்தையும் அங்கேயே இருந்தது. மாறியது தொழுகையின் நீளம். இன்னொரு முறை இதற்கு நேர்மாறாக நடந்தது. ஸஜ்தாவில் இருக்கும்போது பேரப்பிள்ளை முதுகில் ஏறிக்கொண்டான். அவன் ஆசை தீரும் வரை ஸஜ்தாவை நீட்டினார்கள் என்று நஸாயீயில் பதிவாகியிருக்கிறது. ஒரு குழந்தைக்காகச் சுருக்கினார்கள், இன்னொரு குழந்தைக்காக நீட்டினார்கள். நானோ நாற்பது நிமிடப் பாடத்தில் ஐந்து நிமிடத்தைக்கூட விட்டுக்கொடுக்கவில்லை.

மறுநாள் மகனை அங்கன்வாடிக்கு அனுப்ப எனக்கு மனமில்லை. கணவர்தான், "அவன் அழுவதற்காக நிறுத்துகிறாயா, அவர்கள் பார்ப்பதற்காகவா?" என்று கேட்டார். அதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அழைத்துப் போனேன்.

அங்கே ஆயாவாக இருப்பவர் இந்த மலையின் மலையாளிப் பழங்குடி வகுப்பைச் சேர்ந்தவர். ஐம்பது வயதைக் கடந்தவர், ஐந்து பிள்ளைகளை வளர்த்தவர். அன்று வட்டம் தொடங்கியதும் மகன் மீண்டும் தரையில் விழுந்தான். நான் ஓடுவதற்குள் அவர் வந்து அவனைத் தூக்கித் திண்ணைக்குக் கொண்டுபோனார். கீழே விட்டார். முறத்தில் அரிசி இருந்தது. அவனுக்கு ஓரடி தள்ளி உட்கார்ந்து கல் பொறுக்கத் தொடங்கினார். அவனைப் பார்க்கவில்லை, பேசவில்லை, எழுந்து போகவும் இல்லை. அவன் அலறினான், முறத்தை உதைக்க வந்தான். அவர் ஒரு கையால் அவன் காலைப் பிடித்து, "அரிசி கொட்டிடும்" என்று மட்டும் சொன்னார். மீண்டும் கல் பொறுக்கினார். நான்கு நிமிடம் இருக்கும். அலறல் விம்மலானது. அப்போதுதான் அவன் பக்கம் திரும்பிக் கையை நீட்டினார். அவன் தவழ்ந்து போய் மடியில் சாய்ந்தான். ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார். சற்று நேரத்தில் அவனும் அரிசியில் கல் தேடினான்.

"கோவத்துல சொல்றது காதுல ஏறாதும்மா. அழுகை வரட்டும், அப்புறம் பேசு" என்றார் என்னிடம். கோபம் வேறு, அழுகை வேறு என்று அவர் பிரித்துச் சொன்னது எனக்குப் புதிதாக இருந்தது. பிற்பாடு படித்தபோது, மைக்கேல் பொட்டெகல் என்ற அமெரிக்க ஆய்வாளர் 2003இல் வெளியிட்ட ஆய்விலும் இதே கருத்தைக் கண்டேன். அடம் பிடிக்கும் குழந்தையிடம் கோபம் தொடக்கத்திலேயே உச்சத்துக்குப் போய் இறங்கிவிடுகிறது. துக்கம் கடைசி வரை இருக்கிறது. கோபம் தணிந்ததும் குழந்தை ஆறுதலைத் தேடி வருகிறது. நான்கில் மூன்று பங்கு அடங்கள் ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடுகின்றன என்றும் அதில் இருந்தது. கோபத்தின் உச்சியில் நான் நீட்டிய பிஸ்கட்டும், விட்ட மிரட்டலும், கிள்ளலும் எரியும் அடுப்பில் ஊற்றிய எண்ணெய்தான்.

ஆயா இன்னொன்றும் சொன்னார்: "எந்நேரம் விழறான்னு பாரு." ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதத் தொடங்கினேன். மூன்று வாரத்தில் பத்தொன்பது முறை அடம் பிடித்திருந்தான். அவற்றில் பதின்மூன்று, பதினொரு மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் இடையில் நிகழ்ந்தவை. மதிய உணவுக்கு முந்தைய நேரம் அது. வார இறுதியில் வாணியம்பாடி போய், ஆலங்காயம் வழியாக வளைந்து ஏறும் பேருந்தில் இரவு திரும்பினால், திங்கட்கிழமை கட்டாயம் இரண்டு முறை. புளோரன்ஸ் குட்இனஃப் என்ற அம்மையார் 1931இல் வெளியிட்ட நூலுக்காக 45 குழந்தைகளின் பெற்றோர்களை இப்படித்தான் நாள்தோறும் எழுதவைத்தார். பசி வேளையிலும் களைப்பிலும் கோபம் கூடுவதை அந்தக் குறிப்புகள் காட்டின. மினசோட்டாவின் குழந்தைக்கும் ஜமுனாமரத்தூரின் குழந்தைக்கும் வயிறு ஒன்றுதான்.

அதன்பின் செய்த மாற்றங்கள் மிகச் சிறியவை. பத்தரை மணிக்கு ஒரு சத்துமாவு உருண்டை கொடுத்தோம். மற்ற பிள்ளைகள் கூடிச் சத்தம் எழும் முன்பே போய்ச் சேர்ந்தோம். திங்கட்கிழமைகளில் பாதி நேரத்தில் அழைத்துவந்துவிட்டேன். வட்டம் தொடங்கும் முன் பந்துக் கூடையைத் தூக்கிவரும் வேலையை டீச்சர் அவனிடம் கொடுத்தார். கையில் வேலை இருக்கும்போது அவன் வேறு பிள்ளையாகிவிடுகிறான்.

ஆனால் மஞ்சள் பந்தை யாரும் அவனுக்கே கொடுத்துவிடவில்லை. சகோதரிகள் இதைக் கவனிக்க வேண்டும். ஆயா அவன் அழுகையைத் தடுக்கவில்லை, அதே சமயம் அரிசியை உதைக்கவும் விடவில்லை. அழலாம், அடிக்கக் கூடாது. பக்கத்துப் பிள்ளையின் மேல் கை ஓங்கினால் அந்தக் கையைப் பிடித்துக்கொள்கிறேன். "அடித்தால் வலிக்கும்" என்று இரண்டே சொல். பயான் கிடையாது. பதினெட்டு ஆண்டுகள் பயான் செய்து பழகிய எனக்கு இதுதான் மிகவும் சிரமமாக இருந்தது.

என் கோபத்துக்கும் ஒரு வழி வேண்டியிருந்தது. நிற்பவருக்குக் கோபம் வந்தால் உட்காரட்டும், போகாவிட்டால் படுக்கட்டும் என்று நபியவர்கள் வழிகாட்டியதை அபூதர் (ரலி) அறிவித்திருக்கிறார்கள். அபூதாவூதில் இருக்கிறது. நான் உட்கார்ந்து பார்த்தேன். தரையில் உட்கார்ந்தால் பிள்ளையின் உயரத்துக்கு வந்துவிடுகிறோம். நின்றபோது தெரிந்த நான்கைந்து தாய்மார்களின் முகங்கள் அங்கிருந்து தெரிவதில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கு உரிமையில்லை. ஒரு சனிக்கிழமை மாலை காவலூர் வானாய்வகத்துக்குப் போனோம். 1986 முதல் அங்கே இயங்கும் 93 அங்குல வைணு பாப்பு தொலைநோக்கியைப் பார்க்க வேண்டும் என்பது மகளின் நெடுநாள் ஆசை. வரிசை நகரவில்லை, இருட்டிவிட்டது, சின்னவன் தரையில் விழுந்தான். முன்பாயின் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றிருப்பேன். அன்று மகளையும் கணவரையும் விட்டுவிட்டு அவனைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். சாலையோரம் ஒரு கல்லில் உட்கார்ந்தோம். விளக்கே இல்லாத வானம். அழுது முடித்தபின் அவன் ஒவ்வொன்றாகக் கையைக் காட்டி, "அது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

எல்லா அடமும் வயதின் அடம் அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். இரண்டு வயது தாண்டியும் இரண்டு சொல் சேர்த்துப் பேசாத பிள்ளை, அழுகையில் மூச்சடைத்து நினைவிழக்கும் பிள்ளை, தலையைச் சுவரில் மோதிக் காயப்படுத்திக்கொள்ளும் பிள்ளை, கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காத பிள்ளை ஆகியோரை மருத்துவரிடம் காட்டுங்கள். அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தில் மருத்துவக் குழு ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிகளுக்கே வந்து பரிசோதிக்கிறது. தேவைப்பட்டால் மாவட்ட மையத்துக்கு அனுப்புகிறது. நம் குடும்பங்களில் "அத்தாவும் லேட்டாத்தான் பேசினார்" என்று சொல்லி ஆண்டுகளைக் கடத்திவிடுகிறோம்.

மாலையில் என் வீட்டில் ஓத வரும் பிள்ளைகளில் இருவர் நான்கு வயதுக்கும் குறைந்தவர்கள். அவர்களுக்கான பாடத்தை இப்போது பத்து நிமிடமாக்கிவிட்டேன். ஒருவன் அழுதால் மற்றவர்களை ஸலவாத்துச் சொல்லவைத்துவிட்டு அவனருகே போய் உட்கார்கிறேன். அவன் தாயை வாசலுக்கு அனுப்புவதில்லை.

இவ்வளவும் ஆன பிறகு, அந்தச் சகோதரியிடம் மன்னிப்புக் கேட்காமல் இருக்க முடியவில்லை. பழைய மாணவி ஒருத்தி மூலம் எண் கிடைத்தது. மூன்று நாள் தயங்கி, நான்காம் நாள் லுஹருக்குப் பின் அழைத்தேன். ஸலாம் சொல்லி, யாரென்று சொல்லி, அந்த ஞாயிற்றுக்கிழமையைச் சொல்லி, "எனக்காக ஹலாலாக்கிவிடுங்கள்" என்றேன். சிறிது நேரம் அவள் பேசவில்லை.

"நீங்க சொன்னது பெரிசாத் தெரியல ஆபா. அன்னைக்கு வீட்டுக்குப் போய் அவனை அடிச்சேன். அதுதான் இன்னும் ஞாபகம் இருக்கு" என்றாள். அவன் இப்போது ஆறாம் வகுப்பு, குர்ஆனில் ஐந்து ஜுஸ்உ முடித்துவிட்டான், வீட்டிலேயே பாட்டி ஓதிக்கொடுத்தார் என்றும் சொன்னாள். நான் மேற்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அடுத்த அறையில் சின்னவன் தூக்கம் கலைந்து எழுந்து, கதவு மூடியிருப்பதைக் கண்டு அலறத் தொடங்கினான்.

"அது உங்க புள்ளையா ஆபா?"

"ஆமாம்."

"போங்க, போய்ப் பாருங்க. நாம அப்புறம் பேசிக்கலாம்" என்று வைத்துவிட்டாள்.