மகிழமரமும் மதிலும்

சென்ற் கடைகளில் 'வூடி ஃபுளோரல்' எண்டு ஒரு வகை இருக்கு. மூக்கில் முதலில் ஏறுவது பூவாசம், கடைசியில் நிற்பது மரவாசம். பூவின் வாசம் கெதியாகப் பறந்துவிடும். சந்தன எண்ணெய் மெதுவாகத்தான் ஆவியாகும். பூவைப் பிடிச்சு வைக்க மரம் வேணும். இதை வாசிச்சபோது எங்களுக்குச் சிரிப்பு வந்தது. குருக்கள்மடத்தில் எங்கட வளவில் நிக்கிற மகிழமரம் இதைத் தனியாளாகவே செய்துகொண்டிருக்கு.

மகிழம்பூ சட்டைப் பொத்தான் அளவுதான். விடியக்காலையில் மணலில் கொட்டிக் கிடக்கும். மல்லிகை வாடினால் வாசமும் போயிடும். இது காய்ஞ்சு பழுப்பானாலும் விடாது. அம்மம்மா சீலைப் பெட்டிக்குள் போட்டு வைப்பா. வந்தாறுமூலை கெம்பசுக்கு நாங்கள் கொண்டுபோற கொப்பிகளுக்குள்ளயும் நாலஞ்சு கிடக்கும்.

இந்த மரம் அம்மம்மாவின் அம்மா கல்யாணம் முடிச்சபோதே நிழல் விட்டதாம். அதன்ர பேருக்கு இன்னும் வயசு. 1678இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியான 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' முதல் தொகுதியில் மலையாள இலஞ்சி 'எலெங்கி' எண்டு ஏறியது. 1753இல் லின்னேயஸ் அதையே எடுத்து மிமுசொப்ஸ் எலெங்கி எண்டு வைச்சார். நம்மாழ்வார் வகுளாபரணர் ஆனது இந்தப் பூமாலையால்தான். திருவொற்றியூரில் சுந்தரர் சங்கிலியாருக்குச் சத்தியம் செய்ததும் மகிழமரத்தடியில். அந்தச் சத்தியத்தை அவர் மீறினது வேற கதை.

உத்தரப் பிரதேசத்தில் கன்னோஜ் எண்டொரு ஊர். அங்கே செம்புப் பானையில் பூவும் தண்ணியும் போட்டு, வாயை மண்ணால் அடைச்சு, அடியில் நெருப்பு மூட்டுவார்கள். ஆவி மூங்கில் குழாய் வழியாகச் சந்தன எண்ணெய் இருக்கிற பாத்திரத்துக்குள் இறங்கும். அதுதான் அத்தர். மகிழம்பூவிலும் அத்தர் எடுக்கிறார்கள். பூவுக்குச் சந்தனத்தைத் துணைக்கு வைக்கும் யோசனை பாரிசில் பிறந்ததில்லை.

எங்கட பக்கம் வீடும் வளவும் பொம்புளப் புள்ளையளுக்குத்தான் சீதனமாப் போகும். நாங்கள் அக்கா தங்கச்சி ரெண்டு பேர். நில அளவையாளர் வந்து வளவைப் பிரிச்சபோது எல்லைக்கோடு சரியா மரத்தில் முட்டிச்சு. மதில் கட்டுறதெண்டா மரம் போகவேணும் எண்டு மாமா சொல்றார். வைரம் பாய்ஞ்ச மரம், கதவு நிலைக்கு ஆகுமாம். மரக்காலைக்காரர் ஒருத்தரும் சுத்திப் பாத்திட்டுப் போனார். "வாசம்தானே வேணும், கொழும்பில நல்ல சென்ற் போத்தல் ஒண்டு வாங்கித் தாறன்" எண்டார் மாமா. பகிடியாத்தான் சொன்னார், ஆனா சொன்னார்.

அம்மம்மா ஒண்டுதான் கேட்டா: "மதில் எதுக்கு மனே? நீங்க ரெண்டு பேரும் சண்டையா?"

சண்டை இல்லை. மரத்தைச் சுத்தி ஆறடி விட்டு, அந்தத் துண்டை ரெண்டு உறுதியிலயும் பொதுவா எழுதலாமா எண்டு நொத்தாரிசிட்டக் கேட்டம். ஏலும் எண்டிருக்கிறார். மாமாக்கு இன்னும் சொல்லல்ல.