தெமோதரையும் பட்டப்படிப்பும்

எல்ல என்னும் சிறு பட்டினத்தைக் கடந்து, 1921ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்ற ஒன்பது வளைவுப் பாலத்தைத் தாண்டினால், மலைநாட்டுப் புகையிரதப் பாதை தெமோதரையை அடைகிறது. நிலையத்தை விட்டு நீங்கும் பாதை குன்றினை ஒருமுறை வலம் வந்து, பின்னர் அந்நிலையத்தின் அடியிலேயே குடைந்த சுரங்கத்துட் புகுந்து பதுளையை நோக்கிச் செல்லும் விந்தை இவ்வூருக்குரிய தனிச்சிறப்பாகும். வழி புலப்படாது மயங்கிநின்ற பொறியியலாளர் ஒருவர், தோட்டக் கங்காணி தம் தலைப்பாகையை அவிழ்த்து மீண்டும் சுற்றிக் கட்டியதைக் கண்டே இவ்வமைப்பை வகுத்தார் என்பர். கதையின் மெய்ம்மைக்கு நாம் பொறுப்பேற்க மாட்டோம். ஆயினும் கங்காணியின் தலைப்பாகைக்குக் கிடைத்த கவனம், அவருக்குக் கீழ்க் கொழுந்து பறித்தோரின் பிள்ளைகளது படிப்புக்கு நெடுங்காலம் கிடைக்கவில்லை.

இலவசக் கல்வி இந்நாட்டில் 1945இல் நடைமுறைக்கு வந்தபோது தோட்டப் பாடசாலைகள் அதன் பயனைப் பெறாது புறத்தே நின்றன. 1970களிலும் அதன் பின்னருமே அவை படிப்படியாக அரசின் பொறுப்புக்கு வந்தன. ஆதலால் இன்றும் தெமோதரையைச் சூழ்ந்த தோட்டங்களில், பல்கலைக்கழகத்தை நோக்கும் மாணாக்கர் பலரின் இல்லங்களில் அவ்வழியே முன்னர்ச் சென்று வந்த அண்ணனோ அக்காளோ இல்லை. வழி சொல்ல ஆளில்லாத இடத்தில் ஊர்ப்பேச்சே வழிகாட்டியாகிவிடுகிறது.

இங்குள்ள லயத்து வீடொன்றில் தேநீர் அருந்தியவாறு பேசிக்கொண்டிருந்தபோது, அவ்வீட்டுத் தாயார் எம்மிடம் ஒரு வினாவை எழுப்பினார். மகள் சாதாரண தரப் பரீட்சையில் நல்ல பெறுபேறு பெற்றிருந்தாள்.

“ஐயா, இவளுடைய மாமா கொழும்பிலே கடை வைத்திருக்கிறார். உயர்தரத்துக்கு அங்கே அனுப்பினால்தான் டாக்டர் படிப்புக் கிடைக்கும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். அனுப்பட்டுங்களா?”

மலையகத்துப் பெற்றோர் பலர் கேட்கும் வினா இது. விடை கூறுமுன் அனுமதி முறையை அறிதல் வேண்டும். கலைத்துறை நீங்கலாக, பெரும்பாலான துறைகளில் நூற்றுக்கு 40 இடங்கள் நாடளாவிய திறமை வரிசைப்படி வழங்கப்படுகின்றன. 55 இடங்கள் மாவட்டங்களின் சனத்தொகைக்கேற்பப் பகிரப்படுகின்றன. எஞ்சிய 5 இடங்கள் கல்வி வசதி குறைந்தவையெனக் கொள்ளப்படும் 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாகக் கிடைக்கின்றன. பதுளை அப்பதினாறினுள் ஒன்று. கொழும்பு அவற்றுள் இல்லை. மருத்துவம் முதலிய துறைகளில் கொழும்பு மாவட்டத்துக்கான வெட்டுப்புள்ளி பெரும்பாலும் பதுளையினதைவிட உயர்ந்தே நிற்கும். எனவே, பதுளையிலிருந்து எழுதினால் மருத்துவபீடத்துக்குப் போதுமான அதே இசட் புள்ளி, கொழும்பிலிருந்து எழுதினால் போதாமற் போகலாம். இசட் புள்ளி என்பது வெறும் மதிப்பெண் அன்று. அப்பாடத்தை எழுதிய அனைவரதும் சராசரியினின்று நாம் எவ்வளவு மேலே அல்லது கீழே நிற்கிறோம் என்பதைக் காட்டும் அளவு.

ஒருவருடைய மாவட்டம் எதுவெனத் தீர்மானிக்கையில், பரீட்சைக்கு முந்திய ஆண்டுகளில் எம்மாவட்டத்துப் பாடசாலையில் பயின்றார் என்பது முக்கியமாக நோக்கப்படும். நுட்பமான விதிகள் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஆண்டுதோறும் வெளியிடும் கைந்நூலில் உள்ளன. பிள்ளையின் பெட்டியைக் கட்டுமுன் அப்பக்கத்தை ஒருமுறை வாசித்துவிட வேண்டும்.

அருகில் அமர்ந்திருந்த மகள் மெல்லச் சொன்னாள்: “அங்கே நல்ல டியூசன் இருக்கு, சேர்.” அதுவும் உண்மையே. தமிழ்மொழியில் விஞ்ஞானப் பிரிவு செவ்வனே நடைபெறும் பாடசாலைகள் இம்மாவட்டத்திற் சிலவே. பௌதிகவியலுக்கு ஆசிரியரே இல்லாத பாடசாலையில் அமர்ந்துகொண்டு மாவட்டக் கோட்டாவை எண்ணி மகிழ்வதிற் பயனில்லை. ஆகவே முதலில் பதுளைச் சரஸ்வதி போன்ற மாவட்டத்துப் பாடசாலைகளுக்கு நேரிற் சென்று, இவ்வாண்டு உயர்தர வகுப்புக்கு எப்பாடத்தை யார் கற்பிக்கிறார் என்று கேட்க வேண்டும். ஆசிரியர் இருப்பின் பிள்ளை மாவட்டத்துக்குள்ளேயே தங்குதல் நன்று என்பது எமது கருத்து. தாயார் உடனே இணங்கவில்லை. மைத்துனரிடம் என்ன சொல்வது என்ற கவலை அவருக்கு. அக்கவலையும் நியாயமானதே.

மருத்துவமும் பொறியியலும் அன்றி வேறு படிப்பே இல்லை என்னும் எண்ணம் நம்மவரிடையே வேரூன்றியிருக்கிறது. தெமோதரையை அடுத்து உடுவரை, ஹாலிஎல, அதன்பின் பதுளை. அப்பதுளையில் 2005இல் நிறுவப்பெற்ற ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் இருக்கிறது. தேயிலை உள்ளிட்ட ஏற்றுமதிப் பயிர்கள், கணினி விஞ்ஞானம், விருந்தோம்பல், முகாமைத்துவம் ஆகியன அங்குக் கற்பிக்கப்படுகின்றன. தாய் கொழுந்து பறிக்கும் மலையிலிருந்து சென்று, அக்கொழுந்தின் விஞ்ஞானத்தையும் வாணிபத்தையும் மகள் பயில்வது எமக்குப் பெருமிதமாகவே தோன்றுகிறது. பயிற்றுமொழி ஆங்கிலம் என்பதை மட்டும் மறத்தலாகாது. உயர்தரப் பரீட்சை முடிந்து பெறுபேறு வரும்வரையுள்ள மாதங்களை ஆங்கிலத்துக்கு ஒதுக்கலாம். பலர் அவற்றை வீணே கழித்துவிடுகின்றனர்.

விண்ணப்பத்தை நிரப்புகையில் விருப்ப வரிசையே பிரதானம். உமது புள்ளி எட்டக்கூடியவற்றுள் வரிசையில் முதலில் நிற்பதே உமக்குக் கிடைக்கும். ஆதலால், கிடைக்குமோ கிடைக்காதோ என்றஞ்சி விரும்பாத படிப்பை மேலே எழுதுதல் கூடாது. நான்கைந்து மட்டும் எழுதி நிறுத்திவிடுவதும் தவறு. மொரட்டுவையிற் கட்டடக்கலை, மட்டக்களப்பு சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் இசை, நடனம் போன்றவற்றுக்குத் தனியே தகுதிகாண் பரீட்சை உண்டு. அவ்வறிவித்தல் பத்திரிகைகளில் வெளியாகும். கண்ணில் படாமற் போயின் வாய்ப்பும் போய்விடும். பல்கலைக்கழக அனுமதிக்காக மூன்று முறையே பரீட்சைக்குத் தோற்றலாம் என்பதும் நினைவிலிருத்தற்குரியது.

அனுமதி கிடைக்காதோர் பதுளையிலுள்ள திறந்த பல்கலைக்கழக நிலையத்தையும், ஆசிரியத் தொழிலை விரும்புவோர் கொட்டகலை பத்தனையிலுள்ள ஸ்ரீபாத தேசியக் கல்வியியற் கல்லூரியையும் நாடலாம்.

செலவைப் பற்றி ஒரு சொல். அரச பல்கலைக்கழகத்திற் பட்டப்படிப்புக்குக் கட்டணம் இல்லை. உணவுக்கும் உறையுளுக்குமே பணம் தேவை. மகாபொல புலமைப்பரிசில் 1981 முதல் வழங்கப்படுகிறது. தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கென, கண்டியிலுள்ள இந்திய உதவித் தூதரகத்தின் வழியாக ஒரு கல்வி நிதியமும் உதவி வருகிறது. இவற்றுக்கெல்லாம் பத்திரங்கள் வேண்டும். தோட்டங்களிலோ பிறப்புப் பத்திரத்தில் ஒரு பெயர், பாடசாலைப் பதிவேட்டில் மற்றொரு பெயர், அடையாள அட்டையில் தந்தையின் பெயருக்கு வேறோர் எழுத்து என்றிருப்பது மிகச் சாதாரணம். அதைத் திருத்துதற்குப் பிரதேச செயலகத்துக்குப் பலமுறை நடக்கவேண்டி வரும்; ஒவ்வொரு முறையும் ஒரு நாட்கூலி போகும். பெறுபேறு வந்தபின் ஓடுவதைவிட, பிள்ளை உயர்தர வகுப்பிற் சேரும் ஆண்டிலேயே அப்பத்திரங்களை எடுத்து ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம்.