கேஸ் இருக்கிறது

பழைய ஃபிரிட்ஜ் குளிரவில்லை என்று ஆளைக் கூப்பிட்டால், அதைச் சுவரிலிருந்து நகர்த்துவதற்கு முன்பே தீர்ப்பு வந்துவிடும். "கேஸ் போயிருச்சு" அல்லது "கம்ப்ரஸர் அவுட்." இந்த இரண்டில் ஒன்றைக் கேட்டுவிட்டுப் பழைய இரும்புக்குப் போட்டவர்களை எனக்கே நிறையத் தெரியும். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடை வைத்திருக்கும் நண்பர்தான் ஒருநாள், "அப்படிப் போட்டதையெல்லாம் ஓட வைக்கிற ஆள் ஒருத்தர் இருக்கார், வா" என்று அழைத்துப் போனார்.

தகரக் கொட்டகை. உள்ளே வட்ட முனைக் கதவும் குரோமியக் கைப்பிடியுமாகப் பழைய பெட்டிகள். அறுபதைத் தாண்டிய மெக்கானிக் அண்ணன், வந்தவர்களைப் பார்த்தும் கையிலிருந்த வேலையை விடவில்லை. ஒரு பெட்டியின் கைப்பிடிக் கொண்டியைக் கழற்றிக்கொண்டிருந்தார். "இது இனிமே ஓடாது. சும்மா கிடக்கிற பொட்டியில கொண்டி இருக்கக் கூடாது தம்பி, புள்ளைக ஒளிஞ்சு விளையாடும்" என்றார். வெளியிலிருந்து மட்டுமே திறக்கும் அந்தக் கொண்டிகளால் அமெரிக்காவில் குழந்தைகள் மூச்சுமுட்டி இறந்தார்கள். உள்ளிருந்து தள்ளினால் திறக்கும்படிதான் கதவு செய்ய வேண்டும் என்று 1956இல் அங்கே சட்டமே வந்தது. அண்ணன் அந்தச் சட்டத்தைக் கேள்விப்பட்டவரில்லை. சென்னையில் அவருக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த பாய் பழக்கிய பழக்கம் அது.

பதினான்கு வயதில் அந்தப் பட்டறையில் சேர்ந்திருக்கிறார். முதல் ஆறு மாதம் கேஜைத் தொட விடவில்லையாம். போகிற வீட்டில் என்ன சத்தம் கேட்டது, எந்தக் குழாய் சுட்டது, எது சில்லிட்டது என்று பாயிடம் வந்து ஒப்பிக்க வேண்டும். தப்பாகச் சொன்னால் மறுபடி அதே வீட்டுக்கு நடக்க வேண்டும். ஐடிஐயில் இன்று இந்தத் தொழிலுக்கு இரண்டு வருடப் படிப்பு இருக்கிறது. ஆனால் அப்படி நடக்க வைக்கிறவர்கள் இருக்கிறார்களா என்பது அவருடைய கவலை.

அன்று மதியம் பக்கத்துக் கிராமத்தில் ஓர் ஆச்சி வீட்டுக்குக் கிளம்பினார். நானும் ஒட்டிக்கொண்டேன். வீட்டின் இரண்டாம் கட்டில் நின்றது ஹைதராபாத் ஆல்வின். பஸ் கூடும் கைக்கடிகாரமும் செய்த அதே ஆல்வின். கம்பெனி போய்விட்டது, பெட்டி இருக்கிறது. ஏற்கெனவே இரண்டு பேர் வந்து பார்த்திருந்தார்கள். ஒருவர் கேஸ் என்றார், மற்றவர் கம்ப்ரஸர் என்றார்.

அண்ணன் பையைத் திறக்கவில்லை. ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஆச்சி, நின்னு போறதுக்கு முந்தி யாராச்சும் கை வச்சாங்களா?"

"வெள்ளையடிக்கிறப்ப நகத்துனாக அப்பு. ஏதோ ஒண்ணு களண்டு தொங்குச்சுன்னு கரண்டுக்காரப் பையன்தான் மாட்டி விட்டுட்டுப் போனான். அப்பறம் ரெண்டு நாள்ல இப்படி."

அவர் தலையை மட்டும் ஆட்டினார். பிளக்கில் மின்னழுத்தம் பார்த்தார், போதுமான அளவு இருந்தது. பிறகு ஓட விட்டார். மோட்டார் உறுமியது, கிளம்பியது, கொஞ்ச நேரத்தில் 'டிக்' என்று ஓவர்லோட் வெட்டியது. மூன்று நிமிடம் கழித்து மறுபடி அதே கதை. இந்த முறை கிளாம்ப் மீட்டரை ஒயரில் மாட்டியிருந்தார். கிளம்பும் நொடியில் எந்த மோட்டாரும் நிறையக் கரண்ட் இழுக்கும். வேகம் பிடித்ததும் அது சட்டென்று ஒரு ஆம்பியர் பக்கம் இறங்க வேண்டும். இங்கே இறங்கவே இல்லை, ஐந்துக்கு மேலேயே நின்றது.

பிறகு பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கம்ப்ரஸரின் மூன்று பின்களையும் அளந்தார். பொதுப் பின்னிலிருந்து ஓட்டச் சுருளுக்கு 12 ஓம். பொதுப் பின்னிலிருந்து ஸ்டார்ட் சுருளுக்கு 28. ஓட்டத்துக்கும் ஸ்டார்ட்டுக்கும் நடுவே 40. "கூட்டிப் பாருங்க தம்பி." 12உம் 28உம் 40. கூட்டல் சரியாக வந்தால் சுருள் அறவில்லை. பின்னுக்கும் கூட்டுக்கும் இடையே மீட்டர் முள் அசையவில்லை, ஆகவே எர்த்தும் இல்லை. "கம்ப்ரஸர் நல்லாத்தேன் இருக்கு" என்று முதல் தடவையாக ஒரு முடிவு சொன்னார். வந்து முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது.

மிச்சம் இருந்தது ரிலே. நெருப்புப்பெட்டி அளவு கறுப்புப் பொருள். ஸ்டார்ட் சுருள் மோட்டாரைக் கிளப்பிவிட்டு உடனே விலக வேண்டும், விலக்குவது இதன் வேலை. உள்ளே ஒரு சிறு இரும்புத் தண்டு இருக்கிறது. அதிகக் கரண்ட் வரும்போது காந்தம் அதை மேலே தூக்கித் தொடர்பைச் சேர்க்கிறது. கரண்ட் குறைந்ததும் தண்டு தன் எடையாலேயே கீழே விழுந்து தொடர்பு அறுகிறது. ஸ்பிரிங் கிடையாது, புவியீர்ப்புதான். அந்தப் பையன் உடைந்த கிளிப்புக்குப் பதிலாக டேப் சுற்றி ரிலேயைத் தலைகீழாக மாட்டியிருந்தான். தண்டு எப்போதும் தொடர்பின் மேலேயே உட்கார்ந்திருந்தது. ஸ்டார்ட் சுருள் விலகவே இல்லை. ஓவர்லோட் தன் கடமையைச் செய்து மோட்டாரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

பித்தளைத் தகட்டில் ஒரு கிளிப் வளைத்து ரிலேயை நேராக்கினார். கரண்ட் 1.1இல் நின்றது. அப்போதும் அவர் கிளம்பவில்லை. ஃப்ரீசர் பெட்டியில் பனி எங்கிருந்து எங்கே படர்கிறது என்று பார்க்கக் காத்திருந்தார். கேஸ் குறைந்திருந்தால் முதல் சுற்றில் மட்டும் வெளுத்து நின்றுவிடும். இங்கே கடைசி வளைவு வரை ஒரே சீராக வெளுத்தது. தொழிற்சாலையில் அடைத்த கேஸ், அப்படியே இருக்கிறது.

இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இந்தப் பெட்டிகளில் இருப்பது ஆர்-12. ஓசோன் படலத்தைத் தின்றதால் 1987 மான்ட்ரியல் ஒப்பந்தம் அதற்கு முடிவு கட்டியது. நம்மைப் போன்ற நாடுகளுக்கு 2010 கெடு. குழாயை அறுத்து வெளியே விட்டால் வானத்துக்கும் கேடு, திரும்ப அதே கேஸும் கிடைக்காது. பதிலுக்கு ஆர்-134ஏ கேஸை அடைத்தால் பழைய எண்ணெயோடு அது கலக்காது, கம்ப்ரஸர் வறண்டு போகும். ஹைட்ரோகார்பன் கலவை அடைப்பவர்கள் பலர் பழைய கணக்கிலேயே நிறைத்துவிடுகிறார்கள். அதற்குப் பாதிகூட வேண்டாம், போதாததற்குத் தீப்பிடிக்கும் சரக்கு. அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் 1927இல் விற்கத் தொடங்கிய, தலையில் கம்ப்ரஸர் வைத்த 'மானிட்டர் டாப்' பெட்டிகளில் சில இன்றும் ஓடுகின்றன. அதற்கு முக்கியக் காரணம் கம்ப்ரஸரையும் குழாய்களையும் ஒன்றாக முத்திரையிட்டு மூடியதுதான். மூடியதைத் திறப்பது கடைசி வைத்தியம். வயிற்றுவலி என்றதும் கத்தியை எடுக்கிற வைத்தியரிடம் யாராவது போவோமா?

போகத்தான் செய்கிறோம், ஏனென்றால் காசு அங்கேதான் இருக்கிறது. கேஸ் அடைத்தால் மூவாயிரம். கம்ப்ரஸர் மாற்றினால் அதைவிட அதிகம், அதில் கடைக்காரரின் கமிஷன் தனி. ரிலேயைத் திருப்பி மாட்டினால் என்ன பில் போடுவது? கண்டுபிடித்தவருக்குக் கூலி இல்லை, மாற்றியவருக்கு மட்டும் கூலி என்று ஒரு சந்தையை வைத்துக்கொண்டு, மெக்கானிக்குகள் யோக்கியமில்லை என்று புலம்புகிறோம். இதற்கு நடுவே எக்ஸ்சேஞ்ச் என்றும் எடைக்கு என்றும் வீடு வீடாக வருகிற தரகர்கள். "ஓடாத பொட்டி ஆச்சி" என்று ஆயிரத்துக்கு வாங்கி, செம்பைத் தனியாக உருவி விற்று, கூட்டைப் பெயின்ட் அடித்துச் சென்னை, பெங்களூர் உணவகங்களுக்கு அலங்காரப் பொருளாகப் பல மடங்கு விலைக்குத் தள்ளுகிறார்கள். ஓட வைத்திருக்கக்கூடிய இயந்திரத்தை ஓடாது என்று சொல்வதில்தான் அவர்களுடைய லாபம். எனக்கு இது திருட்டாகத்தான் படுகிறது. நண்பரிடமும் சொன்னேன், அவர் மறுக்கவில்லை.

ஆச்சி வீட்டில் அண்ணன் 400 ரூபாய் வாங்கினார். திரும்பும் வழியில் இன்னொரு வீடு. அங்கே மண்ணெண்ணெயில் ஓடும் எலக்ட்ரோலக்ஸ் ஒன்று முகப்பில் நின்றது. 1922இல் ஸ்வீடனில் பிளாட்டன், முன்டர்ஸ் என்ற இரண்டு மாணவர்கள் கண்டுபிடித்த முறை. கம்ப்ரஸர் இல்லை, அசையும் உறுப்பே இல்லை. கீழே விளக்குச் சுடர், குழாய்க்குள் அம்மோனியா, தண்ணீர், ஹைட்ரஜன். அண்ணன் ரசமட்டம் வைத்துப் பார்த்தார், ஏனென்றால் இது சாய்ந்து நின்றாலே குளிராது. மட்டம் சரியாக இருந்தது. பிறகு டார்ச்சோடு பின்பக்கம் குனிந்தவர், சுடர்க் குழாயைச் சுற்றி மஞ்சளாகப் பூத்திருந்த கறையைக் காட்டினார். உள்ளே துருப்பிடிக்காமலிருக்கக் கலக்கும் குரோமேட் உப்பு அது. வெளியே தெரிந்தால் குழாய் ஓட்டை என்று பொருள். விஷம் வேறு, அதனால் அந்த இடத்தைத் தொட விடவில்லை.

"இது ஆகாது முதலாளி. யார் வந்து ஆகும்னு சொன்னாலும் காசு குடுத்துராதீக" என்றார்.

பார்த்ததற்கு 300 ரூபாய் கேட்டார். "ஒண்ணுமே செய்யலையே" என்றார் வீட்டுக்காரர். எத்தனையோ ஆயிரம் வீணாகாமல் காத்துக் கொடுத்திருக்கிறார் என்று நான்தான் சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. வீட்டுக்காரர் இருநூறை எடுத்து நீட்டினார். அண்ணன் வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பேரப்பிள்ளைகள் உள்ள வீடாயிற்றே என்று கதவுக் கொண்டியைக் கழற்ற உட்கார்ந்தார்.