கான்வியே: நோக்குவே ஏரியின் மரக்கால் ஊர்

மேற்கு ஆப்பிரிக்காவில் பெனின் என்ற சிறிய நாடு இருக்கிறது. அதன் பெரிய நகரமான கோட்டனூவுக்கு வடக்கே பரந்து கிடக்கிறது நோக்குவே ஏரி. கான்வியே அந்த ஏரித் தண்ணீரிலேயே நிற்கும் ஊர். வீடு, பெட்டிக்கடை, விடுதி, தேவாலயம் எல்லாம் ஏரிச் சேற்றில் ஊன்றிய மரக்கால்களின் மேல்தான். தெரு இருக்க வேண்டிய இடத்தில் வாய்க்கால் ஓடுகிறது. அடுத்த வீட்டில் உப்பு வாங்கப் போகவும் தோணி வேண்டும். இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இங்கே வாழ்கிறார்கள். நிர்வாகப்படி சோ-ஆவா என்ற வட்டாரத்தைச் சேர்ந்தது. ஏரியிலும் கரையோரத்திலும் இதுபோன்ற ஊர்கள் வேறும் உண்டு. அளவிலும் பெயரிலும் கான்வியேதான் முதலிடம்.

சுற்றுலாக் கையேடுகள் இதை 'ஆப்பிரிக்காவின் வெனிஸ்' என்றே எழுதி வருகின்றன. தண்ணீரும் படகும் இரண்டுக்கும் பொதுதான். வெனிஸ் வணிகத்தில் கொழுத்த நகரம். கான்வியே, தாங்களே விற்பனைச் சரக்காகிவிடாமல் இருக்கத் தப்பி ஓடிவந்தவர்கள் கட்டிய ஊர். ஒரு நாள் பயணத்துக்குத் திட்டமிடுவோர் இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டு போனால், அங்கே காண்பதெல்லாம் வேறு மாதிரி தெரியும்.

17, 18ஆம் நூற்றாண்டுகளில் இந்தக் கடற்கரைக்கு ஐரோப்பியர் வைத்த பெயர் 'அடிமைக் கரை'. உள்நாட்டில் அபோமேயைத் தலைநகராகக் கொண்டு ஃபோன் இனத்தாரின் தஹோமி அரசு வலுத்துவந்தது. அது 1724இல் அல்லாடா அரசையும் 1727இல் வீடா துறைமுகத்தையும் கைப்பற்றியது. போரில் பிடிபட்டவர்கள் வீடா கரையிலிருந்து கப்பலேற்றப்பட்டார்கள். அடிமை வணிகம் நடந்த காலம் முழுவதையும் கணக்கிட்டால், அந்த ஒரு துறையிலிருந்து மட்டும் பத்து லட்சத்துக்கு மேற்பட்டோர் அட்லாண்டிக்கைக் கடந்திருப்பார்கள் என்பது வரலாற்றாசிரியர்களின் மதிப்பீடு. இந்த வேட்டைக்குத் தப்பிய மக்கள் பல திசைகளிலிருந்தும் ஏரிக்குள் வந்து குடியேறினார்கள். அவர்களின் வழிவந்தவர்களே இன்றைய தோஃபினு மக்கள். முதல் குடியேற்றம் எந்த ஆண்டில் நடந்தது என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. ஒரே நாளில் எழுந்த ஊருமல்ல அது.

தஹோமிப் படை ஏன் ஏரிக்குள் துரத்தி வரவில்லை? நீரில் இறங்கிப் போரிட ஃபோன் வீரர்களுக்குச் சமய விலக்கு இருந்தது என்பதுதான் வழிகாட்டிகள் எல்லோரும் சொல்லும் விளக்கம். விலக்கு இருந்திருக்கலாம். ஆனால் தரைப்படையாகவே வளர்ந்த அந்த அரசிடம் தோணிகளும் இல்லை, அவற்றைச் செலுத்தும் பழக்கமும் இல்லை. நாணலும் சதுப்பும் சூழ்ந்த ஆழமற்ற ஏரியில், ஒவ்வொரு வாய்க்காலையும் அறிந்தவர்களைத் தேடிப் பிடிப்பது எந்தப் படைக்கும் எளிதல்ல. எலிசே சூமோன்னி போன்ற பெனின் வரலாற்றாசிரியர்கள் இந்த ஏரி ஊர்களை அடிமை வேட்டைக்கு எதிரான புகலிடங்களாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். ஊரார் சொல்லும் கதையோ வேறு. அக்போக்தோபே என்ற தலைவன் வல்லூறாக உருமாறிப் பறந்து இந்த இடத்தைக் கண்டானாம். பிறகு முதலையாக மாறி, ஏரி முதலைகளிடம் பேசி, தன் மக்களை அவற்றின் முதுகிலேற்றி இங்கே கொண்டுவந்து சேர்த்தானாம். அந்தத் தலைவனுக்கு ஊருக்குள் சிலை இருக்கிறது. படகுகள் அங்கே நின்றுதான் போகும்.

ஏரியின் இயல்பு தெரிந்தால்தான் ஊரின் இயல்பு புரியும். நோக்குவே கிழக்கு மேற்காக ஏறத்தாழ 20 கிலோமீட்டர், வடக்கு தெற்காக 11 கிலோமீட்டர். ஆழம் மட்டும் மிகக் குறைவு. பெரும்பாலான இடங்களில் ஓர் ஆள் மட்டம்கூட இல்லை. வடக்கேயிருந்து உவேமே ஆறும் சோ ஆறும் நன்னீர் கொண்டுவருகின்றன. தெற்கே கோட்டனூ நகரத்தை இரண்டாகப் பிளந்து செல்லும் வாய்க்கால் ஏரியைக் கடலோடு இணைக்கிறது. வெள்ளம் வடிய 1885இல் பிரெஞ்சுக்காரர்கள் வெட்டிய வாய்க்கால் அது. வெட்டியதோடு கடல்நீரும் உள்ளே வர வழி கிடைத்தது. அதனால் செப்டம்பர் முதல் நவம்பர் வரை ஆற்று வெள்ளத்தில் ஏரி நன்னீராக இருக்கும்; கோடையில் உவர்க்கும். நன்னீர்க் காலத்தில் ஆகாயத்தாமரை பெருகி வாய்க்கால்களை அடைத்துக்கொள்கிறது. உப்பேறத் தொடங்கியதும் கருகி அழிகிறது. ஏரியும் உவேமே ஆற்றின் கீழ்ச்சமவெளியும் சேர்ந்த பகுதி 2000 முதல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் இருக்கிறது.

வீடுகளின் அமைப்பு எளிமையானது. கெட்டி மரக்கழிகளைச் சேற்றில் ஆழ ஊன்றி, அவற்றின் மேல் மூங்கிலிலோ பலகையிலோ தளம் பரப்பி, ஓலைத் தடுக்கில் சுவர் எழுப்புவார்கள். கூரை முன்பு புல்லாலும் ஓலையாலும் வேயப்பட்டது. இப்போது பெரும்பாலும் தகரம். தகரம் ஒழுகாது, வெயிலில் கொதிக்கும். தண்ணீரில் நிற்கும் கழிகள் சில ஆண்டுகளில் உளுத்துப்போவதால் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஏரியடி மண்ணைத் தோணி தோணியாக அள்ளிக் கொட்டி மேடாக்கிய திட்டுகளும் ஊரில் சில உண்டு. ஆடுமாடுகளுக்குக் கால் வைக்கக் கிடைக்கும் நிலம் அவ்வளவுதான். அவற்றுக்குப் புல்லும் தோணியில்தான் வந்து சேர்கிறது.

ஊரின் வாழ்வு மீன். அதைப் பிடிக்கும் முறையில்தான் கான்வியேயின் தனித்தன்மை இருக்கிறது. பயணிகள் பலர் இதைக் கவனிக்காமலே கடந்துவிடுகிறார்கள். கரையிலிருந்து ஊருக்குச் செல்லும் வழியில் தண்ணீருக்கு மேல் குச்சிகள் நெருக்கமாகத் துருத்திக்கொண்டு நிற்கும் வட்டங்களும் சதுரங்களும் தென்படும். இவை 'அகாஜா' எனப்படும் மீன்தோட்டங்கள். கிளைகளையும் மிலாறுகளையும் ஏரியடியில் அடர்த்தியாக நட்டுவிட்டால் சில வாரங்களில் அவற்றின் மேல் பாசி படர்கிறது. பாசியில் நுண்ணுயிர்கள் வளர்கின்றன. அவற்றை மேயவும், பெரிய மீன்களிடமிருந்து ஒளிந்துகொள்ளவும், முட்டையிடவும் மீன்கள் உள்ளே வருகின்றன. தீனி போடும் செலவு இல்லை. பல மாதங்கள் கழித்துத் தோட்டத்தைச் சுற்றி வலை கட்டி, உள்ளிருக்கும் கிளைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி வெளியே அடுக்கி, வலையை நெருக்கி மீனை அள்ளுவார்கள். நம் ஊரில் ஜிலேபிக் கெண்டை என்று வழங்கும் திலாப்பியா வகையே இதில் அதிகம். பராமரிப்பு நன்றாக இருந்தால் ஹெக்டேருக்கு ஆண்டுக்குச் சில டன் மீன் கிடைக்கும். இலங்கையின் நீர்கொழும்புக் களப்பிலும் அலையாத்திக் கிளைகளை நட்டு மீன் சேர்க்கும் இதே வகை முறை உண்டு.

அகாஜாவுக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. கிளைகளுக்காகச் சுற்றுவட்டாரக் காடுகள் வெட்டப்படுகின்றன. மக்கும் மரம் ஏரியடியில் தங்கி, ஏற்கெனவே ஆழமற்ற ஏரியை மேலும் தூர்க்கிறது. தோட்டம் போட வசதியுள்ளவர் தண்ணீரை வளைத்துக்கொள்ள, வீச்சுவலை மட்டுமே வைத்திருப்பவருக்கு வலை வீச இடம் குறைகிறது. இதனால் ஏரியில் சண்டைகள் நடந்ததுண்டு. ஏரியின் மற்ற நோய்களுக்குக் கோட்டனூவும் பொறுப்பு. நகரத்தின் பெரிய சந்தையான தன்தோக்பா ஏரி வாய்க்காலின் விளிம்பிலேயே இருக்கிறது. அதன் கழிவு தண்ணீரில்தான் சேர்கிறது. நைஜீரியாவிலிருந்து கள்ளத்தனமாக வரும் பெட்ரோலும் நெடுங்காலமாக இந்த ஏரி வழியே தோணிகளில் பயணப்பட்டிருக்கிறது.

ஆண்கள் பிடித்த மீனைப் பெண்கள் வாங்கி விற்பது இங்குள்ள வழக்கம். மனைவி கணவனிடமிருந்தே காசு கொடுத்து வாங்குவாள். லாபம் அவள் கையில். விற்காத மீன் புகையில் வாட்டப்படும். மிதக்கும் சந்தையில் நடுத்தோணியில் உட்கார்ந்திருக்கும் பெண்ணைச் சிறிது நேரம் கவனித்தால் போதும். அகன்ற ஓலைத்தொப்பி முகத்தை மறைத்திருக்கும். முன்னால் தக்காளி, மிளகாய், வெங்காயம் சிறு கூறுகளாகக் கட்டப்பட்டிருக்கும். எதிர்த்தோணி நெருங்கும்போது இடக்கை அதன் விளிம்பைப் பற்றி நிறுத்தும். வலக்கை கூறை அள்ளிப் போட்டுச் சில்லறை வாங்கும். காலடியில் குழந்தை தூங்கிக்கொண்டிருக்கும். பேரம் முடிந்ததும் விளிம்பிலிருந்து கை விலகும், இரண்டு தோணிகளும் பிரியும். குடிதண்ணீரும் தோணி வழியேதான்: ஏரி நீர் குடிக்க உதவாததால், ஆழ்துளைக் குழாய் உள்ள இடங்களில் வரிசையில் நின்று, கேன்களில் நிரப்பித் தோணியில் எடுத்துப்போகிறார்கள்.

பயணத்துக்கு வருவோம். ஏற்ற காலம் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை. அப்போது மழை இல்லை, ஆகாயத்தாமரையும் பெரும்பாலும் விலகியிருக்கும். சகாராவிலிருந்து வீசும் ஹர்மத்தான் காற்று வானத்தைப் புழுதியாக்கும். படம் எடுப்பவருக்கு அது குறை, வெயில் தாங்காதவருக்கு வரம். ஏப்ரல் முதல் ஜூலை வரை பெருமழை. அக்டோபர் வெள்ளத்தில் தண்ணீர் வீட்டுத் தளங்களை நெருங்கிவிடும்.

படகுத்துறை கோட்டனூவில் இல்லை. சுமார் 18 கிலோமீட்டர் தள்ளி, அபோமே-காலவி ஊரில் இருக்கிறது. கோட்டனூவிலிருந்து வாடகைக் காரிலோ, 'செமி' என்று சுருக்கமாக அழைக்கப்படும் மோட்டார் சைக்கிள் வாடகை வண்டியிலோ போகலாம். காலை நெரிசல் கடுமையானது. விடியும்போதே கிளம்புவது நல்லது. துறையில் கட்டண அலுவலகம் இருக்கிறது. ஆள் எண்ணிக்கையையும் படகு வகையையும் பொறுத்துக் கட்டணம் மாறும். வழிகாட்டிக்கு எவ்வளவு, எத்தனை மணி நேரம், எங்கெங்கே நிற்கும் என்பதையும் ஏறுவதற்கு முன்பே பேசி முடித்துவிட வேண்டும். வழியில் தாமாக வந்து ஒட்டிக்கொள்ளும் தரகர்களை நம்பத் தேவையில்லை. செலாவணி சிஎஃப்ஏ ஃபிராங்க். சில்லறையாக வைத்திருப்பது உதவும். பிரெஞ்சு தெரியாதவருக்கு வழிகாட்டி அவசியம்.

மோட்டார் படகு ஏறத்தாழ அரை மணி நேரத்தில் ஊரைத் தொட்டுவிடும். கழி ஊன்றியும் துடுப்புப் போட்டும் செல்லும் தோணிக்கு அதைப்போல இரண்டு மூன்று மடங்கு நேரம் ஆகும். நேரம் இருப்பவர் தோணியையே எடுக்கலாம்: மோட்டார் இரைச்சலில் அகாஜாக்கள் கண்ணுக்கே படாமல் போய்விடும். காலை ஏழு மணிக்குத் துறையில் இருந்தால் சந்தை கூடும் நேரத்துக்கு ஊருக்குள் நுழையலாம். சந்தை, தலைவனின் சிலை, 'காதலர் தெரு' என்று வழிகாட்டிகள் காட்டும் குறுகிய வாய்க்கால், ஒரு கைவினைக் கடை என்று வழக்கமான சுற்று இரண்டு மூன்று மணி நேரத்தில் முடியும். கைவினைக் கடையில் கழியும் நேரம் வீண். அதைக் குறைத்து ஒரு மீன்தோட்டத்தின் அருகே நிறுத்தச் சொல்வது மேல். மதிய உணவுக்கு மரக்கால் விடுதிகளில் பொரித்த மீனும், புளித்த மக்காச்சோள மாவில் கிண்டி இலையில் பொதிந்த 'அகாசா' களியும், காரமான தக்காளிச் சாறும் கிடைக்கும். மீன் உண்ணாதவர் கையில் ஏதாவது எடுத்துப்போவது நல்லது.

தோணிகளுக்குக் கூரை இல்லை. தொப்பி, குடிநீர், முழுக்கைச் சட்டை, கொசு விரட்டும் களிம்பு வேண்டும். உயிர்காப்புச் சட்டை கேட்டு வாங்கி அணிய வேண்டும். படம் எடுப்பதில் தனிக் கவனம் தேவை. கேமராவைக் கண்டதும் சந்தைப் பெண்கள் தொப்பியைத் தாழ்த்திக்கொள்வார்கள், சிலர் திட்டவும் செய்வார்கள். கேட்டுவிட்டு எடுப்பதே முறை. கையை நீட்டிக்கொண்டு படகைத் தொடரும் சிறுவர்களுக்குக் காசு கொடுக்காமல் இருப்பதே நல்லது. கொடுக்கக் கொடுக்க அவர்கள் பள்ளிக்கூட நேரத்திலும் படகுகளின் பின்னால்தான் இருப்பார்கள்.

கான்வியே 1996 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கிறது. உலகப் பாரம்பரியச் சின்னமாக இன்னும் அறிவிக்கப்படவில்லை. பெனின் அரசு ஊரைச் சீரமைக்கும் திட்டமொன்றை எடுத்திருக்கிறது. குடிநீரும் கழிப்பிடமும் ஊராருக்கு உடனே தேவை. சுற்றுலாவுக்கான அழகுபடுத்தல் அதற்கு அடுத்துதான் வரவேண்டும்.

இன்னும் ஒரு நாள் கையில் இருந்தால் கோட்டனூவுக்கு மேற்கே சுமார் 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள வீடாவுக்குப் போகலாம். அடிமைகள் கடலுக்கு நடத்திச் செல்லப்பட்ட பாதையும் அதன் முடிவில் 'திரும்பா வாசல்' நினைவுச்சின்னமும் அங்கே இருக்கின்றன. கான்வியே மக்கள் எதற்குத் தப்பினார்கள் என்பதை அந்தக் கடற்கரை சொல்லும்.

 இந்தியாவிலிருந்து பெனினுக்கு நேரடி விமானம் இல்லை. அடிஸ் அபாபா, பாரிஸ், இஸ்தான்புல் போன்ற நகரங்களில் மாறிச் செல்ல வேண்டும். விசாவை இணையத்தில் பெறலாம். மலேரியாத் தடுப்பு மாத்திரை பற்றி மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கட்டாயம். சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். பயணத்துக்குக் குறைந்தது பத்து நாள் முன்பே போட்டிருந்தால்தான் சான்றிதழ் செல்லும். ஒருமுறை போட்டால் வாழ்நாளுக்கும் போதும். திரும்பி வரும்போதும் அந்தச் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும். இல்லாதவரை இந்திய விமான நிலையத்தில் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைக்க விதி உண்டு.