ஆயிரம் முகங்களின் மண்டபம்

கியோத்தோ நகரைக் காணச் சென்றபோது எமது பையில் ஒரு படப்பெட்டியும் ஒரு குறிப்பேடும் இருந்தன. 794 முதல் 1868 வரை யப்பானின் தலைநகராய் விளங்கிய அந்நகரைப் படங்களிலேயே அள்ளி வந்துவிடலாம் என எண்ணியிருந்தோம். குறிப்பேடு துணைவியாரின் பிடிவாதம்.

முதல் நாள் கிங்காக்குஜி என்னும் பொன்மாளிகையைக் குளத்து நிழலோடு சேர்த்துப் பல கோணங்களிற் படமெடுத்தோம். 1950இல் இளந்துறவி ஒருவர் இட்ட தீயில் அது எரிந்ததும், நாம் கண்டது 1955இல் மீள எழுந்த மாளிகை என்பதும் குறிப்பேட்டில் மட்டுமே உள. ரியோவான்ஜி கோயிலின் வெண்சரளை முற்றத்திற் கற்கள் 15. திண்ணையில் எங்கிருந்து நோக்கினும் ஒன்றாவது மறைந்துவிடும். நாம் 14 எண்ணினோம். படத்தில் விழுந்தவை ஒன்பதே!

மறுநாள் சான்ஜூசான்கென்தோ சென்றோம். 1266இல் மீளக் கட்டிய அம்மண்டபம் ஏறத்தாழ 120 மீற்றர் நீளமுடையது. நடுவே கன்னோன் அமர்ந்திருக்க, இருமருங்கும் ஐந்நூறு ஐந்நூறாக ஆயிரம் திருவுருவங்கள் நிற்கின்றன. அவலோகிதேசுவரரையே யப்பானியர் கன்னோன் என வழிபடுகின்றனர். உள்ளே படமெடுத்தல் ஆகாது. எமக்குச் சிறிது கோபம் வந்ததை மறைப்பானேன்?

நாம் காண ஏங்குவோரின் முகச்சாயல் அவ்வாயிரத்துள் ஒன்றிலேனும் தென்படும் என்பர். துணைவியார் ஓரிடத்தில் நின்றுவிட்டார். வெகுநேரம் அசையவில்லை. "அம்மாவின் முகவெட்டு" என்று மட்டும் சொன்னார். 1995இல் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்தபோது அன்னையாரின் படங்கள் யாவும் தொலைந்துபோயின.

குறிப்பேட்டின் அப்பக்கத்திற் படம் இல்லை. "தென்புறம், முன்னிருந்து நான்காம் வரிசை, தூணுக்கு அடுத்தது" எனத் துணைவியாரின் கையெழுத்தில் ஒரு வரி இருக்கிறது.