ஒரு மில்லிமீட்டருக்கு 400 பல்ஸ்

கோவை கணபதியில் கதவுப் பலகைகளில் பூவேலை செதுக்கும் சின்னப் பட்டறை. அங்கிருக்கும் சிஎன்சி ரூட்டரின் இரும்புச் சட்டம் அசையாமல் நிற்கிறது. பால் ஸ்க்ரூவிலும் பெரிய தேய்மானம் இல்லை. போனது கம்ப்யூட்டர் மட்டும்தான். விண்டோஸ் எக்ஸ்பி, மெஷினை ஓட்டும் மாக்3 மென்பொருள், ஒரு காலத்தில் பிரிண்டர் மாட்டிய பேரலல் போர்ட். இப்போது அந்தப் போர்ட் உள்ள மதர்போர்டுக்குப் பழைய சாமான் கடைகளில் அலைய வேண்டும். 64 பிட் விண்டோஸிலோ அந்தப் போர்ட்டுக்கான மாக்3 டிரைவர் வேலையே செய்யாது. பலரும் இந்தக் கட்டத்தில்தான் மெஷினை எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். நல்ல இரும்பு அப்படிப் போவதை என்னால் ஏற்க முடியவில்லை.

பேனல் வேலைக்கு வந்திருந்தவர் முதலில் எதையும் கழற்றவில்லை. ஒவ்வொரு ஒயரின் நுனியிலும் எண் மாட்டி, நோட்டில் குறித்த பிறகே ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். பிறகு எனக்குக் கணக்குச் சொன்னார். மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 அடி வைக்கிறது. டிரைவ் ஒவ்வோர் அடியையும் பத்தாகப் பிரிக்கிறது, ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பல்ஸ். ஒரு சுற்றில் ஸ்க்ரூ நகர்த்துவது 5 மி.மீ. ஆக, ஒரு மில்லிமீட்டருக்கு 400 பல்ஸ். இங்கே மாக்3 விநாடிக்கு 25,000 பல்ஸுக்குத்தான் வைக்கப்பட்டிருந்தது. வேகம் நிமிடத்துக்கு 3,750 மி.மீ.யோடு நின்றுவிடும்.

"மோட்டாரு மந்தம்னு பேர் வெச்சுட்டாங்க சார். பந்தியில சோறு போடறவன் கை மெதுவா இருந்தா சாப்பிடறவன் என்னங்க பண்ணுவான்?"

இனி பல்ஸைக் கொடுப்பது ஈதர்நெட்டில் இணைந்த தனி கார்டு. மென்பொருள் லினக்ஸ்சிஎன்சி. அமெரிக்காவின் என்ஐஎஸ்டி நிறுவனத்தில் 1990களில் நடந்த வேலையிலிருந்து வளர்ந்தது. உரிமக் கட்டணம் கிடையாது. புதிய மோட்டார்களும் என்கோடர் வைத்தவை. முன்பு ஓர் அடி தவறினாலும் மெஷினுக்குத் தெரியாது, பூ இடம் மாறித் தேக்குப் பலகையே வீணாகும். இப்போது டிரைவ் தானே சரிசெய்யும், முடியாவிட்டால் அலாரம் கொடுத்து நிற்கும்.

ஆனால் நாளில் பெரும்பகுதியைத் தின்றது ஒயரிங். ஸ்பிண்டிலுக்குப் போகும் கேபிளும் லிமிட் சுவிட்ச் ஒயரும் ஒரே டக்ட்டில் கிடந்தன. ஸ்பிண்டில் வேகம் ஏறியதும் சுவிட்ச் தட்டியதாகப் பொய்யாகக் காட்டி மெஷின் நின்றுபோனதற்குக் காரணம் அதுதான். இரண்டையும் பிரித்து, சுவிட்ச்சுகளுக்கு ஷீல்டு கேபிள் இழுத்து, ஷீல்டைப் பேனல் பக்கம் மட்டும் எர்த் செய்தார். எமர்ஜென்சி பட்டனை, ஒயர் அறுந்தாலும் மெஷின் நிற்கிற மாதிரி கட்டினார். கட்டியதோடு விடவில்லை. மெஷின் ஓடும்போதே, "தம்பி, அந்த ஒயரை உருவு" என்றார். பையன் உருவினான். நின்றது. லிமிட் சுவிட்ச்சுகளுக்கும் ஒவ்வொன்றாக இதே சோதனை. கட்டுப்பாட்டு அமைப்பை மாற்றுவது என்றால் இதுதான் என்று எனக்குப் பட்டது. கார்டு வாங்குவது அதில் சின்ன வேலை.

மாலையில் பழைய பிளைவுட்டில் ஒரு சதுரம் வெட்டி, மூலைக்கு மூலை அளந்தார்கள். ஒன்றரை மி.மீ. வித்தியாசம். ஸ்பிண்டிலைத் தாங்கும் பாலத்தை இரண்டு பக்கமும் இழுக்கும் மோட்டார்களில் ஒன்றின் ஹோம் சுவிட்ச்சை இம்மியளவு நகர்த்தி மறுபடி வெட்டினார்கள். மெஷின் ஓட்டும் அண்ணன் டேப்பைத் தானே வாங்கி அளந்து பார்த்துவிட்டு, "இன்னொருக்கா வெட்டுங்க. ரெண்டு மூலையும் ஒத்து வராம தேக்கை ஏத்த மாட்டேன்" என்றார்.