பதினெட்டு நொடியும் முப்பது நொடியும்

0.3 நிமிடம் என்றால் எத்தனை நொடி? பதினெட்டு. அது முப்பது என்று கணக்கில் ஏறிவிட்டது. 1996 ஆகஸ்டில் கோஸ்டாரிகாவின் சான் ஹோசே நகர மருத்துவமனை ஒன்றில், கோபால்ட் இயந்திரத்துக்குப் புதிய கதிர்மூலம் பொருத்தி அளந்தபோது நடந்த பிழை இது. இருப்பதைவிடக் கதிரின் வீரியம் குறைவு என்று முடிவாயிற்று. எல்லோருக்கும் சிகிச்சை நேரம் கூடியது. தவறு பிடிபட ஒரு மாதத்துக்கு மேலாயிற்று. அதற்குள் 115 புற்றுநோயாளிகள் அளவுக்கு மிஞ்சிய கதிர்வீச்சை வாங்கியிருந்தார்கள்.

கத்தி தவறினால் ரத்தம் காட்டிக்கொடுக்கும். கதிர் கண்ணுக்குத் தெரியாது, பாயும்போது வலிக்காது. அளவு கூடினால் தோல் வெந்தாவது சொல்லும். குறைந்தால்? கட்டி திரும்ப வரும். விதி என்பார்கள். இயந்திரத்தை யாரும் சந்தேகிக்க மாட்டார்கள்.

சந்தேகிப்பதையே தொழிலாகக் கொண்டவர் மருத்துவ இயற்பியலாளர். நோயாளிகள் அவர் முகத்தைப் பார்ப்பதே அபூர்வம். காலையில் முதல் நோயாளி வருமுன் லீனியர் ஆக்சிலரேட்டரின் கதிர் அளவு சரிபார்க்கப்பட வேண்டும். 3 சதவீதத்துக்கு மேல் விலகினால் காரணம் தெரியாமல் சிகிச்சையைத் தொடரக் கூடாது. கதவைத் திறந்தால் கதிர் நிற்கிறதா என்றும் பார்க்க வேண்டும். கோபால்ட் என்றால் வேறு கவலை. 5.27 ஆண்டுகளில் அதன் வீரியம் பாதியாகிவிடும். மாதம் சுமார் ஒரு சதவீதம் குறையும். சிகிச்சை நேரத்தை அதற்கேற்பத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

இந்தியாவில் இதைக் கண்காணிப்பது 1983இல் அமைக்கப்பட்ட அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம். அதன் உரிமம் இல்லாமல் இயந்திரத்தை இயக்க முடியாது. கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரி ஒருவரும் கட்டாயம். தன் கணக்கில் உள்ள தவறு தன் கண்ணுக்குத் தப்பும் என்பதால், பாபா அணு ஆராய்ச்சி மையம் தபாலில் சிறு அளவுமானிகளை அனுப்பும் வழக்கமும் உண்டு. மருத்துவமனை அவற்றில் குறித்த அளவு கதிரைச் செலுத்தித் திருப்பி அனுப்பும். உண்மையில் எவ்வளவு விழுந்தது என்பதை மையம் சொல்லும்.

சிக்கல் வரிசையில் இருக்கிறது. மும்பை பரேலின் நடைபாதையில் தங்கிச் சிகிச்சைக்குக் காத்திருப்பவருக்கு ஒரு நாள் தள்ளிப்போவது சின்ன விஷயமல்ல. இடைவெளி விழுந்தால் கட்டியும் சும்மா இருக்காது. ஆகவே சோதனையை விடியுமுன்போ, கடைசி நோயாளி போன பிறகோ செய்ய வேண்டியிருக்கிறது. ஆள் குறைவான இடத்தில் அந்த நேரத்தைத்தான் முதலில் வெட்டத் தோன்றும். பூட்டிய அறை முன்னால் காத்திருப்பவர்களுக்கு, உள்ளே நடப்பதும் தங்கள் சிகிச்சைதான் என்று யாராவது எடுத்துச் சொல்லலாம்.